கீழ் ரூம் செவரு ஊறுது, நாமளே தோண்டி பைப் போடலாமா?

கேள்வி: ஐயா, எங்க வீடு சுங்கை சிப்புட் பக்கம், பால்மரத் தோட்டத்த ஒட்டின மேட்டுல இருக்கு. கீழ் ரூமோட பின் செவரு மூணு அடி மண்ணுக்குள்ள. மழ பேஞ்சா செவத்தடியில ஈரம் ஏறுது, பெயிண்டு உரியுது, வெள்ளையா உப்பு பூக்குது. உள்ள வாட்டர்ப்ரூஃப் பெயிண்டு அடிச்சும் நிக்கல. காண்ட்ராக்டர் கேக்குற வெள்ளி நமக்கு கட்டுப்படியாகாது. வீட்டுக்காரரும் என் தம்பியும் நாங்களே தோண்டி, தண்ணி வடியிறதுக்கு ஓட்டை போட்ட பைப் போட்டுடுறோம்ங்குறாங்க, விடலாமா? (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: விடலாம்மா. மூணு அடின்னா ரெண்டு பேரு செய்யக்கூடிய வேலதான். ஆனா மம்பட்டிய எடுக்குறதுக்கு முன்னாடி அவங்கள ஒண்ணு கேளுங்க, அந்த பைப்புல வர்ற தண்ணி எங்க போயி விழும்? பைப்பு முடியிற எடம் செவத்தடிய விட தாழ்வா இருக்கணும். வீட்டுப் பக்கவாட்டுல இறக்கி முன்னால உள்ள லோங்காங்ல (கழிவுநீர் வாய்க்கால்ல) விட முடியும்னா நல்லது (ரோட்டு லோங்காங்ல சேக்குறதா இருந்தா முனிசிபல்ல ஒரு வார்த்த கேட்டுக்குங்க). விழ எடமே இல்லன்னா தோண்டாதீங்க, செவத்துக்கு பின்னால நீங்களே ஒரு குளம் வெட்டுன கணக்காயிடும்.

இன்னொண்ணு, நல்ல மழையில ஒரு தடவ குடைய புடிச்சிக்கிட்டு கொல்லையில போயி நின்னு பாருங்க. 50 சதுர மீட்டர் கூரையில 50 மில்லிமீட்டர் மழ விழுந்தா 2,500 லிட்டர் தண்ணி, அந்தப் பக்கம் பால்மர எல கூரைத் தவாரத்த அடச்சிருந்தா அத்தனையும் நேரா செவத்தடியிலதான் கொட்டும், தவாரத்து பைப்பு செவத்தடியிலயே முடிஞ்சிருந்தாலும் அதே கததான். பாதி வீட்டுல கோளாறு இங்கதான் இருக்கும். அத சரி பண்ணி, சிமெண்டு தரை வெடிப்ப அடச்சி, மண்ணு வீட்டப் பாத்து சரியாம வெளிய பாத்து சரியிற மாதிரி இழுத்து விட்டு நாலு மழைய பாருங்க. அதுக்கப்புறமும் ஊறுனா தோண்டலாம். உப்பு பூக்குதுன்னா தண்ணி செவத்து வழியா வருதுன்னு அர்த்தம், பின்னாலேர்ந்து தள்ளுற தண்ணிய உள்ள அடிச்ச பெயிண்டு என்ன பண்ணும், உரிஞ்சிதான் விழும்.

ஜூன், ஜூலை மாதிரி மழ கொறஞ்ச நேரத்துல தோண்டுங்க, அக்டோபர் நவம்பர்ல வேணாம். தண்ணி வெளிய போற பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சி மேல ஏறி வாங்க, ஒரே மூச்சா செவரு முழுக்க தொறக்காம துண்டு துண்டா. பைப்பு கீழ் ரூம் தரைய விட தாழ்வா இருக்கணும், ஆனா அஸ்திவார கான்க்ரீட் அடிமட்டத்துக்கு கீழ ஒரு பிடி கூட போகக்கூடாது, அத தாங்குற மண்ண எடுத்தா செவரே எறங்கிடும். பள்ளம் நாலு அடிய தாண்டுச்சின்னா ரெண்டு பக்கமும் பலக அடச்சி முட்டுக் குடுக்காம யாரையும் உள்ள எறங்க விடாதீங்க. செம்மண்ணு காஞ்சிருக்கும்போது கல்லு மாதிரி நிக்கும், ஒரு மழைக்கு அப்புறம் சொல்லாம சரியும்.

செவரு வெளிய தெரிஞ்சதும் மண்ண சுரண்டி கழுவி காய விட்டு பிட்டுமென் (தண்ணி புகாத தார்) பூசிடுங்க, இந்த வாய்ப்பு மறுபடி கெடைக்காது. அப்புறம் பள்ளத்துல ஜியோடெக்ஸ்டைல் துணிய (தண்ணிய விட்டு மண்ண தடுக்குற துணி) விரிச்சி, தூசி இல்லாம கழுவுன முக்கால் இஞ்சு கல்லு ரெண்டு இஞ்சு போட்டு, மேல 4 இஞ்சு பைப். ஓட்டை கீழ பாத்து இருக்கணும். நெறைய பேரு தண்ணி மேலேர்ந்துதானே வருதுன்னு ஓட்டைய மேல வைக்கிறாங்க, பள்ளத்துல தண்ணி அடியிலேர்ந்துதான் ஏறும், ஓட்டை கீழ இருந்தா ஏற ஆரம்பிச்ச உடனே பைப்புக்குள்ள போயிடும். 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சரிவு, கண்ணால பாத்து போடாதீங்க, கொத்தனாரு வச்சிருக்க தண்ணி டியூப்ப இரவல் வாங்கி மட்டம் பாருங்க. மேல ஒரு அடி கல்லு, துணிய மடிச்சி மூடி, அதுக்கு மேல களிமண்ணு இல்லன்னா சிமெண்டு. மேல் முனையில மூடி போட்ட பைப்பு ஒண்ண தரைக்கு வெளிய நிறுத்தி வைங்க, பின்னால ஹோஸ் விட்டு அலசலாம்.

கூரைத் தண்ணிய மட்டும் இந்த பைப்புல சேக்கவே கூடாது. அதுக்கு ஓட்டை இல்லாத பைப்பு தனியா போகணும்.

கேள்வி: எங்களுக்கும் அதே தொல்லை, ஆனா பின்னால பத்து அடி மேடு, தாங்கு செவரு கட்டியிருக்கு. அங்கயும் இப்படி தோண்டலாமா? (வாசகர், கூலிம்)

பதில்: வேணாம் தம்பி. மேட்டு அடிவாரத்துல மண்ண எடுக்குறது வேற வேல, இன்ஜினியர் பாக்காம தொடாதீங்க. 1993 டிசம்பர் 11ல உலு கிளாங் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியில ஒரு பிளாக் விழுந்து 48 பேரு செத்தாங்க, பின்னால மேட்டுல தண்ணி ஒழுங்கா வடியாம மண்ணு சரிஞ்ச கததான் அதுவும். இப்போதைக்கு தாங்கு செவத்துல தண்ணி வடியிற ஓட்டைங்க அடச்சிருக்கான்னு ஒரு கம்பியால குத்திப் பாருங்க, செவரு முன்னால சாஞ்சிருந்தாலோ புதுசா வெடிப்பு தெரிஞ்சாலோ கீழ் ரூம்ல யாரும் படுக்க வேணாம்.