ஃபிலிம் கேமராவோடு ஜப்பான் வருகிறீர்களா?

கேள்வி: வேலை நிமித்தமாக ஒன்றரை வருடம் ஒசாகாவில் இருக்கப் போகிறேன். அப்பாவின் நிக்கான் எஃப்எம்2 கேமராவும் என்னோடு வருகிறது. சென்னையிலேயே ஃபிலிம் வாங்கிக்கொள்ளட்டுமா? விமான நிலைய எக்ஸ்ரேயில் ஃபிலிம் கெட்டுவிடுமா? அங்கே கழுவிக் கொடுக்கக் கடைகள் உண்டா? விடுமுறை நாட்களில் எங்கே போய்ப் படம் எடுக்கலாம்?

பதில்: ஃபிலிம் வாங்க வேண்டாம். கேமராவைக் காலியாகவே கொண்டுவாருங்கள். நான் இங்கே பல வருடங்களாக ஃபிலிமில்தான் படம் எடுக்கிறேன். ரோல் கிடைக்காமல் திண்டாடியதில்லை. ஒசாகா ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே யோதோபாஷி கேமராவின் உமேதா கடை இருக்கிறது. ஃபிலிம் பிரிவில் கோடக், இல்ஃபோர்டு, ஃபூஜி மூன்றும் அடுக்கியிருக்கும். விலைதான் கையைக் கடிக்கும். கலர் ரோல் ஒன்றே ஆயிரம் யென்னைத் தாண்டிவிடும். சில வகைகளுக்கு ஒருவருக்கு இத்தனைதான் என்று அளவும் வைப்பார்கள். கறுப்பு வெள்ளை பிடிக்குமென்றால் ஃபூஜியின் அக்ரோஸ் II-ஐக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பழைய அக்ரோஸை 2018-ல் நிறுத்தினார்கள். கேட்டவர்கள் விடவில்லை, மறு வருடமே இந்தப் பெயரில் திரும்பி வந்தது.

ஃபிலிமோடு விமானம் ஏறும் நாள் வரும், அதனால் எக்ஸ்ரே விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கைப்பையைச் சோதிக்கும் பழைய வகை எக்ஸ்ரேயில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) 400 வரையுள்ள ஃபிலிம் ஓரிரு முறை போய்வந்தால் கண்ணுக்குத் தெரிகிற சேதம் இருக்காது. இப்போதைய தலைவலி சிடி ஸ்கேனர். ஜப்பானின் பெரிய விமான நிலையங்களில் அது வந்துவிட்டது. அதில் ஒரே முறை போனாலும் ஃபிலிமில் மூட்டம் விழலாம். கழுவாத ஃபிலிமை அதில் விடவே வேண்டாம் என்று கோடக்கே எச்சரித்திருக்கிறது. லேப்டாப்பைப் பையிலிருந்து வெளியே எடுக்கச் சொல்லாத வரிசை என்றால் பெரும்பாலும் அது சிடிதான், உஷாராகிவிடுங்கள். செக்-இன் பெட்டியில் மட்டும் ஃபிலிமை வைக்கவே வைக்காதீர்கள். அங்கே கதிர்வீச்சு இன்னும் கடுமை.

ரோல்களை டப்பாவிலிருந்து எடுத்து, உள்ளே தெரிகிற ஜிப் பையில் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 3200 ரோல் ஒன்று மேலாகத் தெரிந்தால் இன்னும் நல்லது, வாக்குவாதம் குறையும். "ஃபிருமு தேஸ், ஹாந்தோ செக்கு ஒனெகாய் ஷிமாஸ்" (இது ஃபிலிம், தயவுசெய்து கையால் சோதியுங்கள்) என்று நிதானமாகக் கேளுங்கள். ரோல்களைத் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். கேமராவுக்குள் பாதி எடுத்த ரோல் இருந்தால்தான் சிக்கல், அதைத் திறந்து காட்ட முடியாது. அதனால் விமானம் ஏறுவதற்கு முன்பே ரோலை முடித்துச் சுருட்டிவிடுங்கள். ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் இந்தத் தொல்லையே இல்லை, பையை எக்ஸ்ரேயில் விடுவதில்லை. ஜப்பானுக்குள் ரயிலில் போய்வர எனக்கு அது ஒன்றே போதுமான காரணம்.

கழுவுவதற்குக் கிதாமுரா போன்ற சங்கிலிக் கடைகள் உண்டு. எந்திரம் உள்ள கிளைகளில் கலர் நெகட்டிவைப் பெரும்பாலும் அன்றைக்கே தந்துவிடுவார்கள். "கென்சோ நோமி" என்றால் கழுவினால் மட்டும் போதும் என்று அர்த்தம். ஸ்கேனும் வேண்டுமென்றால் "தேதா" என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஆறு ஆறு ஃப்ரேமாக நறுக்கி, உறையில் போட்டு நெகட்டிவைத் தருவார்கள். கறுப்பு வெள்ளையையும் ஸ்லைடையும் வெளி லேபுக்கு அனுப்புவதால் நாள் பிடிக்கும். கறுப்பு வெள்ளையை நீங்களே வீட்டில் கழுவலாம். இங்குள்ள சின்ன அடுக்குமாடி வீடுகளின் குளியலறைக்குப் பெரும்பாலும் ஜன்னல் இருக்காது. கதவிடுக்கைத் துண்டால் அடைத்துவிட்டால் கழுவும் டேங்கில் ஃபிலிம் ஏற்ற அருமையான இருட்டறை ரெடி.

அடுத்தது அப்பாவின் கேமரா. கிளம்புவதற்கு முன் பின்கதவைத் திறந்து ஓரத்துப் பஞ்சுப் பட்டையை விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று கையில் ஒட்டினால் அதை மாற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் கசியும். லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கமாகப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் அது ஃபங்கஸ். ஒசாகாவிலும் ஜூன் தொடக்கம் முதல் ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம், அப்புறம் புழுக்கம். கேமராக் கடைகளில் ஈரப்பத மானி வைத்த பிளாஸ்டிக் பெட்டி கிடைக்கும். சிலிக்கா ஜெல் போட்டு நாற்பது, ஐம்பது சதவீதத்தில் வைத்தால் போதும். மாற்று லென்ஸ் வாங்கப் பழைய சரக்குக் கடைக்குப் போனால் சீட்டில் "கபி" என்றிருப்பது ஃபங்கஸ், "குமோரி" என்றிருப்பது மங்கல். "ஜங்க்கு" பெட்டியில் இருப்பவற்றுக்கு உத்தரவாதம் கிடையாது.

பனிக்காலத்தில் ஹொக்கைதோ போக ஆசைப்படுவீர்கள், தாராளமாகப் போங்கள். குளிரில் பேட்டரி படுத்தாலும் எஃப்எம்2-இன் ஷட்டர் ஓடும், வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் மட்டும்தான் நிற்கும். ஃபிலிமை மெதுவாகச் சுற்றுங்கள். குளிரிலிருந்து சூடான ரயிலுக்குள் ஏறும் முன் கேமராவை ஜிப் பையில் போட்டு மூடிவிட்டால் நீர் பையின் மேலேயே பூக்கும்.

ரயில் கட்டணத்தைப் பொறுத்தவரை, வேலை விசாவில் இருப்பவருக்குச் சுற்றுலாப் பயணிகளின் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ் கிடைக்காது. வசந்தம், கோடை, குளிர்காலம் என மூன்று பருவத்தில் விற்கும் செய்ஷுன் 18 டிக்கெட்டை யாரும் வாங்கலாம். தொடர்ந்து மூன்று நாளுக்கு 10,000 யென், ஐந்து நாளுக்கு 12,050 யென். சாதாரண ரயில்களில் மட்டும்தான் செல்லும். ஃபிலிம்காரருக்கு அந்த வேகமே சரி. ஓனோமிச்சி மாதிரி சின்ன ஊரில் நினைத்த இடத்தில் இறங்கிக்கொள்ளலாம்.

கியோத்தோ கியோன் பகுதியின் தனியார் சந்துகளில் அனுமதியில்லாமல் படம் எடுத்தால் 10,000 யென் அபராதம் என்று 2019 முதலே பலகை வைத்திருக்கிறார்கள். பலகை இல்லாத இடத்திலும் கெய்ஷாக்களைத் துரத்தாதீர்கள். மனிதரைக் கிட்டத்தில் எடுப்பதென்றால் எங்கேயும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே எடுங்கள்.

ஒரே ஓர் இடம்தான் சொல்லலாமென்றால் நாரா மாநிலத்தின் முரோஜி கோயிலைச் சொல்வேன். பழைய கோயில்களைப் படமெடுப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டிருந்த கென் டோமோன் 1939-ல் முதன்முதலாக அங்கே போனார். பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் ஆன பிறகும் விடவில்லை. முரோஜியைப் பனியோடு எடுக்க வேண்டுமென்று காத்திருந்து, 1978-ல்தான் அந்தப் படம் அவருக்குக் கிடைத்தது. அங்குள்ள ஐந்தடுக்குக் கோபுரத்தின் உயரம் சுமார் 16 மீட்டர்தான். 1998 புயலில் சுகி என்ற ஜப்பானிய ஊசியிலை மரம் சாய்ந்து உடைந்ததைச் சீர்செய்திருக்கிறார்கள். சுற்றிலும் நெடுமரங்கள், பகலிலும் நல்ல நிழல். ஐஎஸ்ஓ 400 நெகட்டிவ் போட்டு, நிழலை அளந்து எடுங்கள். நெகட்டிவ் வெளிச்சம் கூடினால் தாங்கும், குறைந்தால் தாங்காது. மண்டபங்களுக்குள் படம் எடுக்கக் கூடாது. கின்தெத்சு ரயிலில் முரோகுச்சி ஓனோவில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். பேருந்து அடிக்கடி கிடையாது, இறங்கியவுடனே திரும்பும் நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.