'நெசவாளருக்கு நியாயமான கூலி' என்று போட்ட சேலை: கேஸ் போடலாமா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் வசிக்கிறேன். இணையத்தில் ஒரு பிராண்டிடம் 6,800 ரூபாய்க்குப் பருத்திச் சேலை வாங்கினேன். அட்டையில் 'எத்திக்கல், கைத்தறி, இயற்கைச் சாயம், நெசவாளருக்கு நியாயமான கூலி' என்று போட்டிருந்தது. எதிர்வீட்டில் நாற்பது வருஷம் தறி நெய்த பெரியவர் ஓரத்தைத் தடவிப் பார்த்ததுமே, "இது கைத்தறி இல்லம்மா" என்று சொல்லிவிட்டார். கம்பெனிக்கு எழுதினேன். விற்ற சரக்கை வாங்க மாட்டோம் என்று ஒரே வரியில் பதில் வந்தது. நெய்தவருக்குப் போய்ச் சேரும் என்று நம்பித்தான் கூடுதல் விலை கொடுத்தேன். சட்டத்தில் வழி உண்டா?

பதில்: உண்டு அம்மா. ஆனால் எந்தச் சொல்லைப் பிடித்துக் கேஸ் போடுகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

'எத்திக்கல்', அதாவது நெறிப்படி செய்தது என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அதற்குச் சட்டத்தில் விளக்கம் இல்லை, எதிர்த்தரப்பு எளிதாக நழுவிவிடும். 'கைத்தறி' அப்படி நழுவ முடியாத சொல். நான் சேலம் குகைப் பகுதியில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன், பெரியவர் ஓரத்தை ஏன் தடவினார் என்று புரிகிறது. கைத்தறியில் நூலைச் சுமந்து ஓடும் நாடா போய்த் திரும்பி வருவதால், குறுக்கே ஓடும் ஊடை நூல் ஓரத்தில் மடங்கி உள்ளே வரும். நாடா இல்லாத ரேப்பியர் என்ற இயந்திரத் தறியில் ஒவ்வொரு ஊடையும் வெட்டுப்பட்டுப் பிசிறாக நிற்கும். உங்கள் சேலையில் பிசிறு இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டாலும் கைத்தறி என்று முடிவு கட்டிவிடாதீர்கள், நாடா ஓடும் விசைத்தறியிலும் ஓரம் மடங்கித்தான் வரும்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'விளம்பரம்' என்பது டிவியில் வருவது மட்டுமல்ல. வலைத்தளம், லேபிள், உறை, பில் எல்லாமே அதில் அடக்கம். ஆகவே அந்த அட்டையே விளம்பரம். பொருளைப் பற்றிப் பொய்யாக விவரித்தால் அது பிரிவு 2(28)-இன்படி தவறான விளம்பரம். விளம்பரப்படுத்திய தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. 'வாங்க மாட்டோம்' என்ற அவர்களுடைய ஒற்றை வரி இங்கே செல்லாது.

'இயற்கைச் சாயம்' என்பதில் உங்கள் கை இன்னும் ஓங்கியிருக்கிறது. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 'இயற்கை', 'ஆர்கானிக்' போன்ற சொற்களைச் சரிபார்க்கக்கூடிய ஆதாரம் இல்லாமல் போடக் கூடாது. ஆதாரத்தை எழுத்தில் கேளுங்கள். மௌனமாக இருந்தால் அதுவும் உங்களுக்குச் சாதகம்தான்.

கூலி விஷயம்தான் கடினம், மனசுக்கு வலிப்பதும் அதுதான். அந்த வழிகாட்டுதல் சுற்றுச்சூழல் பற்றியது, கூலியைத் தொடாது. சான்றிதழை மட்டும் நம்பவும் முடியாது. 2012 செப்டம்பரில் கராச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். தொழிலாளர் நலனுக்கான எஸ்ஏ 8000 சான்றிதழ் அதற்குச் சில வாரம் முன்புதான் அந்தத் தொழிற்சாலைக்குக் கிடைத்திருந்தது. அதனால் கம்பெனிக்கு அனுப்பும் நோட்டீஸில் நேராகவே கேளுங்கள்: எந்த ஊரில் நெய்தது, எந்த நெசவாளர் சங்கம் அல்லது மாஸ்டர் வீவர் (நூல் கொடுத்து நெய்யவைப்பவர்) மூலம், ஒரு சேலைக்கு என்ன கூலி, கொடுத்ததற்கு ரசீது எங்கே? உண்மையிலேயே கொடுப்பவர்களிடம் இந்தக் கணக்கு இருக்கும்.

கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் அலைய வேண்டாம். வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்கிறது பிரிவு 34. சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், பல கம்பெனிகள் அங்கேயே இறங்கி வருகின்றன. தவறான விளம்பரம் என்று கலெக்டரிடமும் எழுதிக் கொடுக்கலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விசாரித்து முதல் தடவைக்கு 10 லட்சம் வரை அபராதம் போட முடியும்.

சேலையை இனிமேல் உடுத்தாதீர்கள், தண்ணீரில் போடாதீர்கள். ஆய்வகத்துக்கு அனுப்பும்படி மாவட்ட ஆணையத்தைக் கேட்கலாம், அதற்குத் துணி வந்தபடியே இருக்க வேண்டும். விற்பனைப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நோட்டீஸ் போனபின் அந்த வாசகம் அங்கே இருக்காது. எதிர்வீட்டுப் பெரியவர் சொன்னதையும் பிரமாண வாக்குமூலமாக வாங்கிக்கொள்ளுங்கள். நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர் நிபுணர்தான், அப்படியே அவரை முன்னிறுத்துங்கள்.