எச்.ஐ.வி.யும் சிகரெட்டும்: விடமுடியாததற்கு மனம் சொல்லும் காரணங்கள்

கேள்வி: எச்.ஐ.வி. இருக்கிறது. எப்படியும் ஆயுள் குறைவுதான். சிகரெட்டை விட்டு என்ன ஆகப்போகிறது?

பதில்: இது எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து, அதாவது பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் சிகிச்சை, வருவதற்கு முந்தைய கணக்கு. 1996 வாக்கில் அந்தச் சிகிச்சை வந்தபிறகு நிலைமை தலைகீழ். டென்மார்க்கில் சிகிச்சையில் இருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், எச்.ஐ.வி.யால் இழந்த ஆயுள் சுமார் 5 ஆண்டு. புகையால் இழந்தது 12 ஆண்டு. வைரஸை மாத்திரையால் அடக்கிவிட்டு, அதைவிடப் பெரிய ஆபத்தைக் கையில் வைத்திருக்கிறீர்கள்.

கேள்வி: டென்ஷன் வந்தால் ஒரு தம் அடித்தால்தான் மனசு அடங்குகிறது. அது பொய்யா?

பதில்: பொய் இல்லை, பாதி உண்மை. இரத்தத்தில் நிகோட்டின் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அப்போது வரும் எரிச்சலை அடுத்த சிகரெட் தணிக்கிறது. அதாவது, தானே மூட்டிய தீயைத் தானே அணைத்து நல்ல பெயர் வாங்குகிறது.

இன்னொரு பாதியையும் சொல்லவேண்டும். நோயை யாரிடமும் சொல்லாமல் மறைத்து வாழ்பவருக்கு சிகரெட் ஒரு துணை. அது கேள்வி கேட்காது. 'மன உறுதி இல்லை' என்று இவர்களைத் திட்டுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ரகசியத்தைச் சுமக்கும் களைப்பு அப்படி. மனம்விட்டுப் பேச ஒரே ஒரு ஆள், ஆலோசகரோ இதே நோயுள்ள இன்னொருவரோ, கிடைத்துவிட்டால் புகையை விடுவது பாதி சுலபம்.

கேள்வி: ஏற்கெனவே மனச்சோர்வு உண்டு. விட்டால் கூடிவிடுமோ?

பதில்: முதல் 3 நாள் கடினம், 2 முதல் 4 வாரம் வரை மனம் துவண்டிருக்கலாம். அப்புறம், விட்டவர்களின் பதற்றமும் சோர்வும் பொதுவாகக் குறைவதாகத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் சாகவேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதையும் சொல்லுங்கள். அந்த மாத்திரையே சிலருக்குச் சோர்வும் கெட்ட கனவும் தரும்.

கேள்வி: புகையை விடும் மருந்து, ஏ.ஆர்.டி.யோடு (எச்.ஐ.வி. கூட்டு மருந்தோடு) மோதுமா?

பதில்: நிகோட்டின் பேட்ச், சூயிங்கம் மோதாது. புகையை விட உதவும் புப்ரோபியான் மாத்திரையின் அளவை, எச்.ஐ.வி. மருந்துகளான எஃபாவிரென்ஸும் ரிடோனாவிரும் இரத்தத்தில் குறைத்துவிடும். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மூன்று தடவை விட்டு, மூன்று தடவையும் தொடங்கிவிட்டேன்.

பதில்: சரி, ஒவ்வொரு தடவையும் அந்த முதல் சிகரெட்டை எங்கே, யாரோடு பிடித்தீர்கள்? கையில் மதுக் கோப்பை இருந்ததா? நான்காவது முறைக்கு முன்னால் அதை எழுதிப் பாருங்கள்.