ஒக்டாவியா கொம்பி: ஒயில், செயின், சுமை - வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்கோடா ஒக்டாவியா கொம்பி (பின்பெட்டி நீண்ட வகை) பற்றியவை, அதிலும் 1.4 டிஎஸ்ஐ, அதாவது டர்போ வைத்த 1.4 லீற்றர் பெற்றோல் எஞ்சின். பிள்ளைகள், தள்ளுவண்டி, வாரச் சாமான் எல்லாம் ஏறும் கார், நெடுஞ்சாலையில் 100 கி.மீ.க்கு 6 லீற்றரோடு திருப்திப்படும் என்பதால் எங்கள் ஆட்களிடம் இது பெருகியிருப்பதில் வியப்பில்லை. எழுதும்போது ஆண்டு, ஓடிய தூரம், எஞ்சின் எழுத்துக்குறி மூன்றையும் எழுதுங்கள். பின்பெட்டியின் தரையைத் தூக்கினால் ஸ்பெயார் சில்லு வைக்கும் குழியில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும். குறி அதில் உண்டு. சேர்விஸ் புத்தகத்திலும் உண்டு.

2011ஆம் ஆண்டு ஒக்டாவியா கொம்பி, 1.4 டிஎஸ்ஐ, 122 குதிரைவலு, 1,30,000 கி.மீ. விலை மலிவு. எடுக்கலாமா? (டோர்ட்முண்ட்)

செயின் மாற்றிய பில் இருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் வேண்டாம்.

இது சிஏஎக்ஸ்ஏ எஞ்சின், பழைய ஈஏ111 குடும்பம். இதன் டைமிங் செயின் (வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து ஓட்டும் சங்கிலி) நீள்கிறது, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்கிறது. ஒருநாள் காலையில் செயின் பல் தாவினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். முதலில் பொனற்றில் கை வையுங்கள். சூடாக இருந்தால் விற்பவர் உங்களுக்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். குளிரில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடி சங்கிலி உரசும் சத்தம் கேட்டால் விலை பேசவே வேண்டாம். ஏற்கெனவே இந்த எஞ்சினை வைத்திருப்பவர்கள் சரிவில் கியரை மட்டும் நம்பி நிறுத்தாதீர்கள். கார் பின்னோக்கி உருண்டு எஞ்சின் எதிர்ப்பக்கம் சுழன்றாலும் செயின் தாவும். கைபிரேக்கை இழுங்கள்.

2013இல் வந்த மூன்றாம் தலைமுறையில் இருப்பது ஈஏ211. அதில் செயின் இல்லை, பெல்ட். பெயர் இரண்டுக்கும் 1.4 டிஎஸ்ஐதான், எஞ்சின் முற்றிலும் வேறு. எழுத்துக்குறியைக் கேட்பது இதற்காகத்தான்.

மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிகிறது. என்ன பிரச்சினை? (ஊர் எழுதவில்லை)

ஆண்டு இல்லை, தூரம் இல்லை, பிழைக்குறியும் இல்லை. இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை உடனே கவனியுங்கள்: விளக்கு நிலையாக எரிகிறதா, விட்டுவிட்டு மின்னுகிறதா? மின்னினால் ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் விடுகிறது. எரியாத பெற்றோல், புகையைச் சுத்தம் செய்யும் கற்றலைசருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். ஓரமாக நிறுத்துங்கள், வீடுவரை சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நிலையாக எரிந்தால் பரிசோதனைக் கருவியால் பிழைக்குறியை வாசித்துவிட்டு எழுதுங்கள். குறி பி0303 என்றால் மூன்றாம் சிலிண்டரின் கொயிலை (பிளக்குக்குப் பொறி மின்சாரம் தருவது) கழற்றி முதலாவதில் போட்டு ஓட்டிப் பாருங்கள். பிழை பி0301க்கு மாறினால் கொயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் அடுத்து பிளக்கைப் பாருங்கள். பிளக்கின் ஆயுள் 60,000 கி.மீ.

2016 கொம்பி, 1.4 டிஎஸ்ஐ 150, சிஇசட்டிஏ, 92,000 கி.மீ. வேலைக்கு 4 கி.மீ., பிள்ளைகளின் பள்ளிக்கு 2 கி.மீ. அடுத்த ஒயில் சேர்விஸுக்கு இன்னும் 14,000 கி.மீ. இருக்கிறதென்று திரை காட்டுகிறது. ஒயில் மூடிக்குள் மஞ்சள் களி. கராஜில் "நல்ல ஒயில்தான் விட்டிருக்கிறோம்" என்கிறார்கள். (எஸ்ஸன்)

கேட்க வேண்டிய விவரம் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. இந்த எஞ்சின் உறுதியானது. அதைக் கெடுப்பது சின்ன ஓட்டமும் நீண்ட ஒயில் இடைவெளியும் ஒன்றுசேர்வதுதான். உங்களிடம் இரண்டும் இருக்கின்றன.

குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் கூடுதலாகப் பாய்ச்சப்படுகிறது. நேரடி இன்ஜெக்ஷன் என்பதால் அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் படிந்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஒயிலில் இறங்கும். எரிந்த காற்றிலுள்ள நீராவியும் கூடவே இறங்கும். ஒயில் 80 பாகையைத் தாண்டி நன்றாகச் சுட்டால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். நான்கு கிலோமீற்றரில் ஒயில் சுடாது. மீற்றரில் முள் 90இல் நிற்கிறதே என்பீர்கள். அது கூலன்ட் சூடு. இந்த எஞ்சினில் புகைவழி சிலிண்டர் தலைக்குள்ளேயே வார்க்கப்பட்டிருப்பதால் கூலன்ட் சீக்கிரம் சுட்டுவிடும். அந்த நேரத்தில் திரையில் ஒயில் வெப்பத்தைத் திறந்து பாருங்கள், 50 அல்லது 60தான் இருக்கும். ஒயில் சுட குளிர்காலத்தில் 10, 15 கி.மீ. வேண்டும். மூடிக்குள் தயிர் கடைந்தது போல வெளிர்மஞ்சளாக ஒட்டியிருப்பது போக வழியில்லாமல் நின்ற அந்தத் தண்ணீர்தான்.

இப்போது ஒயில் கோலைப் பாருங்கள். சமதரையில், சூடான எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து உருவி, துடைத்து, மறுபடி செருகி எடுங்கள். மட்டம் போன மாதத்தைவிட ஏறியிருக்கிறதா? மூக்கருகே பிடியுங்கள், பெற்றோல் மணக்கிறதா? ஏறியிருந்தால், மணத்தால், அந்த ஒயில் மெலிந்துவிட்டது. டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும் சுற்றில் ஓடுவது ஒயில் படலத்தின் மேல்தான். படலம் மெலிந்தால் அச்சு தேயும். களியோடு கூலன்ட் மட்டமும் இறங்கினால் மட்டுமே சிலிண்டர் தலைக் காஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

கராஜின் "நல்ல ஒயில்" என்ற பதில் எனக்குக் கோபமூட்டுகிறது. இதே பதிலைக் கேட்டு வருடத்துக்குப் பத்துப்பேர் எழுதுகிறார்கள். போத்தலின் முன்பக்கத்துப் பெயர் முக்கியமில்லை. பின்பக்கத்து எண்தான் முக்கியம். பில்லில் ஃபோக்ஸ்வாகனின் ஒயில் தர எண் விடபிள்யூ 504 00 என்று எழுதியிருக்கிறதா, 502 00 என்றா? இரண்டும் உங்கள் எஞ்சினுக்கு ஆகும். ஆனால் 30,000 கி.மீ. அல்லது 2 ஆண்டு என்ற லாங்லைஃப் இடைவெளிக்கு 504 00 மட்டுமே. 502 00ஐ விட்டுவிட்டு, சேர்விஸ் கணிப்பை நெகிழ்வு இடைவெளியிலேயே விட்டால் திரை உங்களுக்குத் தவறான கணக்கைக் காட்டிக்கொண்டே இருக்கும். சேர்விஸ் தாளில் கியூஐ6 என்றிருந்தால் அது நெகிழ்வு முறை; கியூஐ4 என்றால் 15,000 கி.மீ. அல்லது ஓராண்டு. பரிசோதனைக் கருவி வைத்திருக்கும் எவரும் சில நிமிடத்தில் மாற்றலாம். மாற்றித் தரும்படி கேளுங்கள். மாட்டோம் என்றால் கராஜை மாற்றுங்கள்.

உங்கள் ஓட்டத்துக்கு 15,000கூட அதிகம். வருடத்துக்கு ஒருமுறை, தூரம் எவ்வளவானாலும், பனிக்காலம் முடிந்ததும் மாற்றிவிடுங்கள். எஞ்சின் சுட்ட பிறகே வடியுங்கள். வடிகால் போல்ட்டும் புதிது, ஃபில்டரும் புதிது. போல்ட்டுக்கு 30 நியூட்டன் மீற்றர் போதும், அதற்கு மேல் திருகினால் இழை போகும். கொள்ளளவு ஏறத்தாழ 4 லீற்றர். முதலில் மூன்றரை விட்டு, ஒரு நிமிடம் ஓடவிட்டு, கோலைப் பார்த்து மீதியை விடுங்கள். மேல்கோட்டைத் தாண்டவே கூடாது. அதோடு வாரத்துக்கு ஒருநாள் நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓட்டுங்கள். டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் கம்பி இறுகிப்போவதும் சின்ன ஓட்டக் கார்களில்தான் அதிகம், அதற்கும் இந்த அரைமணி உதவும்.

1.4 டிஎஸ்ஐ, 7 கியர் டிஎஸ்ஜி (தானியங்கிக் கியர்பெட்டி). நெரிசலில் முதலாம் கியரில் நடுங்குகிறது. 60,000 கி.மீ. ஆனதால் கியர் ஒயில் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். (பாரிஸ்)

உங்களுடையது டிகியூ200 கியர்பெட்டி, ஒயிலில் நனையாத உலர் கிளச். 60,000க்கு ஒயில் மாற்றும் விதி ஈரக் கிளச் உள்ள 6 கியர் டிஎஸ்ஜிக்கு. மெக்கானிக் இரண்டையும் குழப்புகிறார். உங்கள் பெட்டியில் உள்ள 1.7 லீற்றரை மாற்றுவதால் கேடில்லை, ஆனால் நடுக்கம் போகாது. முதலில் கிளச் அடாப்டேஷனை, அதாவது கிளச் பிடிக்கும் இடத்தைக் கணினிக்குப் பழக்குவதை, மறுபடி செய்விக்கச் சொல்லுங்கள். அதிலும் போகாவிட்டால் கிளச் செற்தான். புதிதைப் போட்ட பின்னும் ஓட்டும் முறை மாறாவிட்டால் அதுவும் போகும். முன்கார் அரை மீற்றர் நகர்ந்ததும் நீங்களும் பிரேக்கைத் தளர்த்தி ஊர்வதுதான் உலர் கிளச்சைத் தின்கிறது. இரண்டு கார் நீளம் இடம் கிடைக்கும்வரை பிரேக்கை அழுத்தி நில்லுங்கள், பிறகு ஒரே மூச்சில் நகருங்கள்.

98 ஒக்டேன் அடித்தால் மிச்சம் பிடிக்குமா? ஈ10 (10 வீதம் வரை எத்தனோல் கலந்த பெற்றோல்) கெடுக்குமா? (பிரேமன்)

98 வீண்செலவு, இந்த எஞ்சின் 95க்கு அமைந்தது. ஈ10 கெடுக்காது. செலவு ஒன்று, ஒன்றரை வீதம் கூடும், விலை அதைவிடக் குறைவாக இருந்தால் அதையே அடியுங்கள்.

பெற்றோல் தாங்கியில் ஊற்றும் "இன்ஜெக்டர் கிளீனர்" பயன்படுமா? வால்வில் கரி படிகிறதாம். (லூசர்ன்)

வால்வுக் கரிக்குப் பயனில்லை. நேரடி இன்ஜெக்ஷனில் பெற்றோல் உள்வால்வைத் தொடுவதே இல்லை, ஊற்றிய மருந்து எப்படிப் போய்ச்சேரும்? கரி உண்மையிலேயே அடைத்திருந்தால் மனிஃபோல்டைக் கழற்றி வால்நட் ஓட்டுத் தூளால் அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஈஏ211இல் அது அரிது. குளிரில் எஞ்சின் தடுமாறுகிறது என்ற அறிகுறி இல்லாமல் யாராவது அந்த வேலைக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

பாசலிலிருந்து ஜெர்மனியின் ஹம் நகரக் காமாட்சி அம்பாள் தேருக்கு ஐந்துபேர் போகிறோம். கூரைப்பெட்டியும் வைக்கிறோம். 2017 கொம்பி 1.4. என்ன கவனிக்க வேண்டும்? (பாசல்)

முதலில் ரயர் காற்று. பெற்றோல் மூடியைத் திறந்தால் பனி சுரண்டும் தட்டு செருகியிருக்கும் பக்கத்தில் அட்டவணை ஒட்டியிருக்கிறது. முழுச்சுமைக்கான வரிசையைப் பாருங்கள். பின்ரயருக்கு வழக்கத்தைவிட அரை பார் வரை கூடுதலாகக் கேட்கும். புறப்படும் முன், ரயர் குளிர்ந்திருக்கும்போதே அடியுங்கள். பிறகு மெனுவில் காற்றழுத்தக் கண்காணிப்பைச் சேமியுங்கள். இந்தக் காரில் ரயருக்குள் சென்சர் இல்லை, சில்லு சுற்றும் வேகத்தை வைத்தே கணிக்கிறது, ஆகவே சேமிக்காவிட்டால் வழியில் வீணாக எச்சரிக்கும்.

கூரைக்கு 75 கிலோ. அதில் குறுக்குக் கம்பியும் பெட்டியும் அடக்கம், பெட்டி மட்டும் 15, 20 கிலோ வரும். வேட்டி சேலைப் பைகளை மேலே போடுங்கள். அரிசி மூட்டையும் அண்டாவும் பின்பெட்டியின் தரையில், பின்னிருக்கை முதுகோடு ஒட்டி, கொக்கியில் வாரால் கட்டியிருக்க வேண்டும். 610 லீற்றர் இடம் இருக்கிறது என்பதற்காக அவ்வளவையும் எடையால் நிரப்ப முடியாது. ஐந்து பெரியவர்கள் ஏறினாலே 350 கிலோ. பதிவுப் பத்திரத்தில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்துப் பாருங்கள், மிச்சம் அதிகமிருக்காது.

தூரம் 600 கி.மீ.க்குள். தாங்கி 50 லீற்றர். சுவிஸில் 120இல் போய்ப் பழகியவர்கள் ஓட்டோபானில் எல்லையில்லாத இடம் கண்டதும் 160க்கு ஏற்றுவார்கள். பெட்டியோடு 120இல் 7 லீற்றர் குடிக்கும் கார் 150இல் 10ஐத் தொடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் 120க்கும் 150க்கும் இடையில் அது ஒன்றரை மடங்கு ஆகிறது. கூரைப்பெட்டிக்காரர் தன் கையேட்டில் உச்சவேகம் எழுதியிருப்பார், பெரும்பாலும் 130. 120இல் போனால் ஒரு தாங்கியில் போய்ச்சேரலாம். புறப்படுமுன் ஒயில் கோலைப் பாருங்கள்.

ஓட்டோபானிலிருந்து இறங்கி நிறுத்திய பிறகும் எஞ்சின் பகுதியில் ஏதோ முனகுகிறது. டர்போ போய்விட்டதா? (கார்ல்ஸ்ரூஹே)

இல்லை. டர்போவைக் குளிர்விக்க மின் பம்ப் கூலன்ட்டைச் சில நிமிடம் சுழற்றுகிறது. கடைசி இரண்டு கிலோமீற்றரை மெதுவாக ஓட்டினால் போதும்.

2014, சிஎச்பிஏ (ஈஏ211), 1,60,000 கி.மீ. ஹீற்றர் ஓட்டுநர் பக்கம் மட்டும் குளிர்க்காற்று. கூலன்ட்டும் மாதத்துக்கு ஒரு விரல் இறங்குகிறது. (ஒஸ்லோ)

இரண்டு வேறு பழுதுகள், தனித்தனியே பாருங்கள். சில கார்களில் கூலன்ட் நிரப்பும் வெள்ளைப் போத்தலுக்குள் சிலிக்கா மணிகள் கட்டிய ஒரு பை இருக்கும். அது கிழிந்தால் மணிகள் ஹீற்றர் ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களில் போய் அடையும், ஒரு பக்கம் மட்டும் குளிர்வது அதன் அடையாளம். ஹீற்றரை இரு திசையிலும் கழுவிப் பாருங்கள், பலன் இல்லையேல் மாற்றுங்கள். போத்தலையும் பை இல்லாததாக மாற்றுங்கள்.

கூலன்ட் இறங்குவதற்கு கியர்பெட்டிப் பக்கம் சிலிண்டர் தலையின் ஓரத்தில் தேர்மோஸ்டற்றும் தண்ணீர்ப் பம்பும் ஒன்றாக இருக்கும் பிளாஸ்டிக் கூட்டைப் பாருங்கள். கைமின்விளக்கு அடித்தால் அதன் கீழ் இளஞ்சிவப்பாகக் காய்ந்த பொருக்குத் தெரியும். முழுக் கூட்டையும், பம்பை ஓட்டும் சின்னப் பெல்ட்டையும் சேர்த்து மாற்றுங்கள். உள்ளே இருக்கும் ஜி13 கூலன்ட்டோடு கடையில் கிடைத்த பச்சைக் கூலன்ட்டை ஊற்றாதீர்கள்.

அதே ஈஏ211க்கு டைமிங் பெல்ட் எப்போது? (ஒஸ்லோ, அதே வாசகர்)

புத்தகம் 2 லட்சத்துக்கும் மேல் தள்ளி வைக்கிறது. ரப்பருக்கு வயதும் உண்டு. 10, 12 ஆண்டு அல்லது 1,80,000 கி.மீ. ஆனால் மாற்றிவிடுங்கள். உங்கள் கார் அந்த வயதில் இருக்கிறது.

1.5 டிஎஸ்ஐயில் திரை "2 சிலிண்டர்" என்று காட்டுகிறது. மற்ற இரண்டும் தேயாமல் இவை மட்டும் தேயுமா? (ஸ்டுட்கார்ட்)

தேயாது. ஓய்வெடுக்கும் 2ஆம், 3ஆம் பிஸ்டன்களும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கின்றன, வால்வு மட்டும் மூடியிருக்கிறது. உங்களுடையது கைக்கியராக இருந்து, குளிரில் புறப்படும்போது தவளை போலத் துள்ளினால் அதற்கு மென்பொருள் மாற்றம் உண்டு, கேட்டு வாங்குங்கள். ஒயில் 508 00, 0டபிள்யூ-20. போத்தலின் பின்பக்கம் பார்த்து வாங்குங்கள்.

மேட்டில் ஐந்தாம் கியரில் அழுத்தினால் எஞ்சின் முக்குகிறது. (வின்டர்தூர்)

1,200 சுற்றில் முழு அழுத்தம் கொடுக்காதீர்கள். டர்போ பெற்றோல் எஞ்சினில் அந்த இடத்தில்தான் கலவை நேரத்துக்கு முன்பே தானாகப் பற்றிப் பிஸ்டனை அடிக்கும். இழுவை 1,500இல் தொடங்குகிறது. நான்காம் கியருக்கு இறக்குங்கள்.