புதன்கிழமை நின்று என்ன ஆகிறது?

கேள்வி: எனக்கு 33 வயது, லண்டன் ஹரோவில் இருக்கிறேன். கூட வேலை செய்யும் திபெத்தியத் தோழி கூப்பிட்டாள் என்று ஒரு புதன்கிழமை அவளோடு போனேன். ஒன்றரை வருடமாகியும் நிறுத்தவில்லை. போர்ட்லண்ட் பிளேஸில், சீனத் தூதரகத்துக்கு எதிர்ப்பக்கம், மாலை ஆறு மணிக்குத் திபெத்துக்காகக் கொடியும் மெழுகுவர்த்தியுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்போம். பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். உள்ளே ஒரு திரைச்சீலைகூட அசையாது. என் அப்பா 2009இல் ஈழப் போரை நிறுத்தச் சொல்லி நாடாளுமன்றத்துக்கு முன்னால் நாள்கணக்காக நின்றவர். "நாங்கள் ஆயிரக்கணக்கில் நின்றே ஒன்றும் நடக்கவில்லை, நீ பத்துப் பேரோடு நின்று என்ன காணப்போகிறாய்?" என்கிறார். எனக்கும் அலுத்துவிட்டது. ஆனால் பிரியும்போது ஒரு பெரியவர் "அடுத்த புதன்?" என்று கேட்பார், இல்லையென்று சொல்ல வாய் வராது. அங்கே சிலர் சுதந்திரம் என்று கோஷம் போடுகிறார்கள். தலாய் லாமா கேட்பது சுயாட்சிதானே, நான் எதைச் சொல்வது? அலுவலகத்தில் ஷாங்காய்க்கு அனுப்பப்போவதாகவும் கதைக்கிறார்கள். பி.கு: அந்தப் பெரியவர் ஊற்றித் தரும் உப்புத் தேநீரை எப்படி மறுப்பது?

பதில்: தேநீருக்குக் கடைசியில் வருகிறேன். அரசியல் கேள்வி மாதிரி எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்களை உறுத்துவது அந்த "அடுத்த புதன்?" தான் என்று படுகிறது.

ஏன் புதன் என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? திபெத்திய மொழியில் புதன்கிழமையின் பெயர் லக்பா. அன்று பிறந்த பிள்ளைக்கு அதையே பெயராக வைப்பதும் உண்டு. தலாய் லாமாவுக்கு உரிய நாள் அது என்பது அவர்கள் நம்பிக்கை. 2008இல் லாசாவில் தொடங்கிய போராட்டங்கள் திபெத் முழுக்கப் பரவின, சீன அரசு அவற்றை அடக்கியது. தெருவில் இறங்க வழியில்லாமல் போனதும் ஜனங்கள் புதன்கிழமையைப் பிடித்துக்கொண்டார்கள். லகார், அதாவது வெள்ளைப் புதன். அன்றைக்குச் சுபா என்கிற தங்கள் உடையை உடுத்துவார்கள், சீனம் கலக்காமல் பேசப் பார்ப்பார்கள், திபெத்தியர் கடையிலேயே சாமான் வாங்குவார்கள். புடவை கட்டியதற்காகவும் தமிழில் காய்கறி கேட்டதற்காகவும் யாரையாவது பிடித்துப் போக முடியுமா? அந்தக் கணக்குதான். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று நம் ஊரில் சொல்வார்கள், அது அவர்களுக்குத்தான் ரொம்பப் பொருந்துகிறது.

அதுவும் எல்லா நேரமும் செல்லுபடியாகாது. திபெத்தியர் வாழும் யுஷுவில் கடை வைத்திருந்த தாஷி வாங்சுக், பள்ளியில் திபெத்திய மொழி சொல்லித்தர வேண்டும் என்று ஓர் அமெரிக்கப் பத்திரிகையின் காணொளியில் பேசினார். 2016 ஜனவரியில் கைது, பிரிவினையைத் தூண்டினார் என்று 5 வருடம் சிறை. பெரியவர் கையில் இருக்கும் பனிச்சிங்கம் போட்ட திபெத்தியக் கொடியை லாசாவில் விரித்தாலும் சிறைதான். 2009க்குப் பிறகு திபெத்துக்குள்ளே தீக்குளித்தவர்கள் மட்டும் 150 பேருக்கு மேல். போர்ட்லண்ட் பிளேஸில் நிற்கும் பன்னிரண்டு பேர், அங்கே நிற்க முடியாதவர்களுக்காக நிற்கிறார்கள். ஒரு வாரம் யாரும் வரவில்லை என்றால் அது செய்தியாக அந்தப் பக்கமும் போகும், இந்தப் பக்கமும் போகும்.

சரி, பயன்? நீங்கள் நிற்கும் இடத்துக்கே ஒரு கதை இருக்கிறது. 1896 அக்டோபரில், அதே முகவரியில் இருந்த சீனப் பேரரசின் தூதரகத்தில் ஓர் இளம் மருத்துவரைப் பிடித்து அடைத்துவைத்தார்கள். ரகசியமாகக் கப்பலேற்றிச் சீனாவுக்கு அனுப்பித் தலையை எடுப்பது திட்டம். அவர் ஒரு வேலைக்காரரை எப்படியோ சம்மதிக்கவைத்து, தன் பழைய ஆசிரியர் ஜேம்ஸ் கான்ட்லிக்குச் சீட்டு அனுப்பினார். கான்ட்லி போலீஸ், வெளியுறவு அலுவலகம், பத்திரிகை என்று அலைந்தார். செய்தி அச்சில் வந்ததும் தூதரக வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பன்னிரண்டாம் நாள் விட்டுவிட்டார்கள். அவர்தான் சன் யாட்-சென், 1912இல் சீனக் குடியரசின் முதல் தற்காலிகத் தலைவர். அவரைக் கொண்டாடுகிற அரசின் தூதரகத்துக்கு முன்னால்தான் நீங்கள் மெழுகுவர்த்தி ஏற்றுகிறீர்கள். பழைய கட்டடத்தை இடித்துக் கட்டிவிட்டார்கள், அது வேறு.

அது பன்னிரண்டு நாள் கதை, திபெத்தின் கதை சீனப் படை நுழைந்த 1950இல் தொடங்கியது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் தனி ஆள் என்று வரும்போது வெளியே எழும் சத்தம் சில சமயம் வேலை செய்கிறது. லாசாவின் திராப்சி சிறையில் 14 பிக்குணிகள் 1993இல் திருட்டுத்தனமாகப் பாட்டுப் பாடி ஒலிநாடாவில் பதிந்து வெளியே அனுப்பினார்கள். அதற்காக அவர்கள் தண்டனை நீண்டது. அதில் ஒருவரான நவாங் சாங்ட்ரோல் பதின்ம வயதிலேயே உள்ளே போனவர், தண்டனை கூடிக்கூடி இருபது வருடத்தைத் தாண்டியிருந்தது. வெளிநாடுகளில் அவர் பெயரை விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2002இல் விட்டார்கள். அவர் பெயரைச் சொன்னவர்களில் பலர் உங்களைப் போலப் பன்னிரண்டு பேராக நின்றவர்களாகத்தான் இருப்பார்கள்.

கோஷத்துக்கு வருவோம். ராங்சென் என்றால் சுதந்திரம். தலாய் லாமா 1988இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் வெளிப்படையாக வைத்தது உமேலம், நடுவழி: சீனாவுக்குள்ளேயே உண்மையான சுயாட்சி. இந்த இரண்டுக்கும் நடுவே அவர்கள் வீட்டுக்குள்ளேயே வருடக்கணக்காகச் சண்டை நடக்கிறது, சில வீடுகளில் அப்பா ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். விருந்தாளியாகப் போனவர் அதில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு தரப்பும் சேர்ந்து கேட்பதையே நீங்களும் கேளுங்கள்: கைதிகளை விடு, பஞ்சென் லாமா எங்கே? தலாய் லாமாவுக்கு அடுத்த பெரிய குருவாக அவர் அடையாளம் காட்டிய சிறுவன் அவர். 1995 மே 17 அன்று சீன அதிகாரிகள் கூட்டிப்போனபோது அவருக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு வெளியாள் யாரும் அவரைப் பார்க்கவில்லை. யாராவது சீனர்களையே திட்டத் தொடங்கினால் மட்டும் வாயை மூடிக்கொள்ளுங்கள். 2022 நவம்பரில் சீன அரசின் கோவிட் கட்டுப்பாட்டையும் தணிக்கையையும் எதிர்த்து அதே வாசலில் வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களும் சீனப் பிள்ளைகள்தான்.

ஷாங்காய் விஷயத்தில் வீரம் காட்ட ஒன்றுமில்லை. விசா கிடைக்காமல் போகலாம், அங்கே போனபின் கேள்வியும் வரலாம். வேலைக்கு அந்தப் பயணம் அவசியம் என்றால் இப்போதே மேலதிகாரியிடம் பேசி வேறு ஆளை அனுப்பச் சொல்லுங்கள், அல்லது நிற்பதை நிறுத்துங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் குற்ற உணர்ச்சி வேண்டாம். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. உங்களுக்கு இழப்பு ஒரு பயணம்தான். பக்கத்தில் நிற்கும் ஆளுக்கு ஊரில் தங்கை இருக்கலாம், அவள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். சிலர் முகக்கவசம் போட்டு வருவது அதனால்தான். கேட்காமல் ஒரு முகத்தைக்கூடப் படம் எடுத்துப் போடாதீர்கள்.

அப்பாவோடு வாதாடாதீர்கள். 2009 ஏப்ரலிலிருந்து அந்தச் சதுக்கத்தில் நின்றவர்களுக்கு மே மாதச் செய்தியும் அங்கேதான் வந்து சேர்ந்தது. சன் யாட்-சென் கதையெல்லாம் அவரிடம் எடுபடாது, எடுபடவும் வேண்டியதில்லை. அவர் திபெத்தைப் பற்றிக் கேட்கவில்லை. குளிருக்கு என்ன செய்தீர்கள், யார் சாப்பாடு கொண்டுவந்தார்கள், இரவு எப்படி வீட்டுக்கு வந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் விடுங்கள்.

அப்புறம் அந்தப் பெரியவர். அலுப்போடு வாராவாரம் போய் ஒருநாள் சொல்லாமல் நின்றுபோவதுதான் இதில் மோசமான வழி. மாதத்தில் முதல் புதன் மட்டும் வருகிறேன் என்று நேரில் சொல்லிவிடுங்கள், அதை மழையானாலும் தவறவிடாதீர்கள். அவரைப் பா-லா என்று கூப்பிடலாம். பா என்றால் அப்பா, லா என்பது நம் 'ங்க' மாதிரி. 1959 மார்ச் 10 அன்று லாசாவில் ஜனங்கள் நார்புலிங்கா அரண்மனையைச் சுற்றி நின்று தலாய் லாமாவுக்குக் காவல் இருந்தபோது அவர் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பார். எங்கே இருந்தார் என்று ஒன்றரை வருடத்தில் கேட்டீர்களா?

இனித் தேநீர். வெண்ணெயும் உப்பும் போட்டது, தேநீர் என்று நினைத்தால் இறங்காது, சூப் என்று நினைத்துக் குடியுங்கள். ஒரு வாய் குடித்தால் உடனே நிரப்புவார், அது அவர்கள் மரியாதை. போதும் என்றால் மறுக்க வேண்டாம். நிரம்பிய கோப்பையை அப்படியே கையில் வைத்திருந்து, கிளம்பும்போது குடித்து முடியுங்கள்.