லேபுல கிட்னி வளருமா? – வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதி, லேபுல வளர்க்கற உறுப்புகளைப் பத்திதான். அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன்.

டாக்டர், எங்க அப்பாவுக்கு 58 வயசு. வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். ஃபேமிலி குரூப்ல சித்தப்பா ஒரு வீடியோ போட்டார், அதுல ஒரு அமெரிக்க டாக்டர் மேடையிலயே கிட்னியை ப்ரிண்ட் பண்ணி கையில எடுத்துக் காட்றார். அதைப் பாத்ததுல இருந்து அப்பா, "லிஸ்ட்ல எல்லாம் பேர் கொடுக்க வேண்டாம், ரெண்டு வருஷத்துல புது கிட்னியே வந்துடும்"னு பிடிவாதமா இருக்கார். என்ன சொல்லிப் புரியவைக்கறது? – வாசகி, கும்பகோணம்

முதல்ல அப்பா பேரை ட்ரான்ஸ்ப்ளான்ட் லிஸ்ட்ல பதிவு பண்ணுங்கம்மா, மீதியை அப்புறம் படிக்கலாம். ட்ரான்ஸ்ப்ளான்ட் பண்ற ஹாஸ்பிடல் மூலமாத்தான் டிரான்ஸ்டான்ல, அதாவது தமிழ்நாடு அரசோட உறுப்பு மாற்று ஆணையத்துல பதிவாகும், சீனியாரிட்டிக்கும் மதிப்பு உண்டு, அதனால வீடியோவை நம்பி தள்ளிப்போடற ஒவ்வொரு மாசமும் நஷ்டம்தான்.

அந்த வீடியோ பொய் இல்ல, ஆனா பழசு. 2011ல டெட் (TED)ங்கற பேச்சு நிகழ்ச்சி மேடையில பேசினவர் ஆன்டனி அட்டாலா, வேக் ஃபாரஸ்ட் யுனிவர்சிட்டி டாக்டர். அவர் கையில வச்சிருந்தது கிட்னி ஷேப்ல இருந்த ஒரு மாதிரி. அதுல ரத்தம் ஓடாது, மூத்திரம் பிரியாது, யாருக்கும் வைக்கவும் முடியாது. அன்னைக்கே சில பத்திரிகைகள் நிஜ கிட்னின்னு எழுதிட்டதால அந்த யுனிவர்சிட்டியே விளக்கம் கொடுக்க வேண்டியதாப் போச்சு. வீடியோ கடைசியில ஒரு இளைஞர் மேடைக்கு வருவார், கவனிச்சிருப்பீங்க, பாக்கறவங்க அவருக்கு இந்த கிட்னியைத்தான் வச்சாங்கன்னு நினைச்சுக்கறாங்க. அவருக்கு சின்ன வயசுல வச்சது மூத்திரப்பை. ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

மூத்திரப்பைங்கறது அடிப்படையில ஒரு பை, சுவர் மெல்லிசு. கிட்னி அப்படி இல்ல. ஒரு கிட்னிக்குள்ள ஏறக்குறைய பத்து லட்சம் நெஃப்ரான், ஒவ்வொண்ணும் ரத்தத்தை வடிகட்டி, தேவையானதைத் திரும்ப உறிஞ்சி, மீதியை வெளிய அனுப்பற ஒரு குழாய். ரெண்டு கிட்னியும் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டுது, அதுல ஒண்ணு ரெண்டு லிட்டர்தான் மூத்திரமா வருது, மத்த எல்லாம் திரும்ப ரத்தத்துக்கே போயிடுது. இதுக்காக இதயம் பம்ப் பண்ற ரத்தத்துல அஞ்சுல ஒரு பங்கு கிட்னிக்குப் போகுது. இவ்வளவையும் செய்யற செல் ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல, அதாவது 0.2 மில்லிமீட்டர் தூரத்துக்குள்ள ஒரு ரத்தக்குழாய் இருந்தாகணும், இல்லன்னா ஆக்ஸிஜன் கிடைக்காம செத்துடும். செல்லை வளர்க்கத் தெரியும், அடுக்கத் தெரியும், ப்ரிண்ட் பண்ணவும் தெரியும், ஆனா தடிமனான உறுப்புக்குள்ள தலைமுடியை விட மெல்லிசான குழாய்களை லட்சக்கணக்குல போட்டு அதுல ரத்தம் உறையாம ஓடவைக்கத்தான் இன்னும் முடியல. இந்த ஒரு இடத்துலதான் மொத்த துறையும் முட்டிக்கிட்டு நிக்குது, கீழ வர்ற பதில்கள் எல்லாத்துலயும் இதையேதான் திரும்பத் திரும்பப் பாப்பீங்க.

அப்போ இதுவரைக்கும் லேபுல செஞ்சு மனுஷனுக்கு வச்சு ஜெயிச்சது என்னதான் இருக்கு? – வாசகர், நாகர்கோவில்

நிறைய இருக்கு, எல்லாமே மெல்லிசான பொருள்.

தோல் முதல்ல. 1975ல ஹோவர்ட் கிரீன், ஜேம்ஸ் ரைன்வால்ட்னு ரெண்டு பேர் மனுஷத் தோல் செல்லை லேபுல பெருக்க வழி கண்டுபிடிச்சாங்க. 1983ல அமெரிக்காவுல வயோமிங்ல ரெண்டு சின்னப் பசங்க, அண்ணன் தம்பி, உடம்புல 95 சதவீதத்துக்கு மேல வெந்துபோய் பாஸ்டனுக்கு வந்தாங்க. பொதுவா தீக்காயத்துக்கு நல்லா இருக்கற இடத்துத் தோலை எடுத்துத்தான் மத்த இடத்துல ஒட்டுவோம், இந்தப் பசங்களுக்கு எடுக்க இடமே இல்ல. மிச்சமிருந்த கொஞ்சூண்டு தோல்ல இருந்து செல் எடுத்து, சில செல் தடிமன்ல ஷீட் ஷீட்டா வளர்த்து, வாஸலின் துணியில ஏந்தி உடம்புல ஏறக்குறைய பாதிக்கு ஒட்டினாங்க. ரெண்டு பேரும் பிழைச்சாங்க. அந்தத் தோல்ல வேர்வைச் சுரப்பி கிடையாது, முடி முளைக்காது, ஆனா உயிர் நின்னுச்சு. தீக்காய வார்டுல வேலை பாத்த யாருக்கும் அது எவ்வளவு பெரிய விஷயம்னு நான் சொல்லத் தேவையில்ல.

அடுத்தது நம்ம பக்கத்து ஊர் ஹைதராபாத். எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை. வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பு பாக்கெட்டை குழந்தைங்க அமுக்கி விளையாடறப்ப அது பிச்சுக்கிட்டு கண்ணுல அடிச்சிடும், கருவிழி ஓரத்துல இருக்கற ஸ்டெம் செல், அதாவது புது செல்லை உருவாக்கற மூல செல், வெந்துபோயிடும், அதுக்கப்புறம் கருவிழி மேல வெள்ளையா சதை படர்ந்து பார்வை போயிடும். தானமா வந்த கருவிழியை வச்சாலும் நிக்காது, ஏன்னா மேல்தோலைப் புதுப்பிக்கற செல்லே இல்ல. அங்க வீரேந்தர் சங்வான், கீதா வேமுகந்தி குழு என்ன பண்ணாங்கன்னா, நல்லா இருக்கற கண்ணோட ஓரத்துல இருந்து துளியூண்டு திசு எடுத்து, நஞ்சுக்கொடியோட வர்ற பனிக்குடச் சவ்வு மேல வளர்த்து, அந்தச் சவ்வோட கெட்டுப்போன கண்ணுல வச்சாங்க. பத்து வருஷத்துல 200 கண், அதுல 71 சதவீதம் வெற்றின்னு 2011ல வெளியிட்டாங்க. அதோட விடல, 2012ல இன்னும் ஒரு படி போனாங்க, எடுத்த திசுவைப் பொடிப்பொடியா நறுக்கி சவ்வு மேல நேரா கண்ணுலயே ஒட்டிட்டா அங்கயே வளந்துக்கும், லேபே வேண்டாம்னு காட்டினாங்க. கோடிக்கணக்குல செலவு பண்ணி லேப் கட்ட முடியாத ஊர்ல இருக்கற டாக்டரும் இப்ப இதைச் செய்யலாம். என்னைக் கேட்டா இந்தத் துறையில நடந்த ரொம்ப அழகான வேலை இதுதான்.

மூணாவது ரத்தக்குழாய். ஹியூமசைட்னு ஒரு அமெரிக்க கம்பெனி, லாரா நிக்லசன் ஆரம்பிச்சது. கரையக்கூடிய ஒரு குழாய் மேல மனுஷ செல்லை வளரவிடறாங்க, அவரைக்கொடிக்கு பந்தல் மாதிரின்னு வச்சுக்கங்க, செல்லு படர்ந்து தன்னைச் சுத்தி கொலாஜன்ங்கற புரத நாரை நெய்யும், பந்தல் தானா கரைஞ்சுடும். அப்புறம் அந்த செல்லையும் கழுவி எடுத்துடறாங்க. செல் இல்லாததால உடம்பு அதை அந்நியம்னு எதிர்க்கறது இல்ல, யாருக்கு வேணாலும் ஸ்டாக்ல இருந்து எடுத்து வைக்கலாம். 2024 டிசம்பர்ல அமெரிக்காவோட மருந்து அனுமதி அமைப்பான எஃப்.டி.ஏ. கை கால் தமனி சிதைஞ்ச காயங்களுக்கு இதை அனுமதிச்சது. உக்ரைன் போர்ல அடிபட்டவங்களுக்கும் வச்சாங்க. டயாலிசிஸுக்கு ரத்தம் எடுக்கற குழாய் வழியாவும் இதையே ட்ரயல் பண்றாங்க, கும்பகோணம் வாசகி இதை அப்பாகிட்ட சொல்லலாம், ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக கையில தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைக்கற இணைப்பு, அடிக்கடி அடைச்சுக்கற கஷ்டம் அவங்களுக்குத் தெரியும்.

மூத்திரப்பையையும் ஜெயிச்ச கணக்குல எழுதுவாங்க, நான் எழுத மாட்டேன். 1999ல ஆரம்பிச்சு ஏழு பசங்களுக்கு அட்டாலா வச்சதை 2006ல லான்செட்ங்கற மெடிக்கல் ஜர்னல்ல போட்டாங்க, உலகமே கொண்டாடுச்சு. முழுப்பையும் இல்ல, இருக்கற பையோட மேல்பாகத்துல வச்சுத் தைச்ச ஒட்டு அது. அதே வழியில ஒரு கம்பெனி பத்து பசங்களுக்குப் பண்ணின அடுத்த ட்ரயல்ல எதிர்பார்த்த பலன் வரல, சிக்கல்களும் வந்துச்சு, 2014ல அது வெளியாச்சு. அதை எந்த வாட்ஸ்அப்லயும் யாரும் ஃபார்வர்ட் பண்றதில்ல.

பயோமெடிக்கல் இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கறேன். ரத்தக்குழாய் போடறதுதான் பிரச்சனைன்னா, ஏற்கனவே குழாய் இருக்கற உறுப்பை எடுத்து செல்லை மட்டும் மாத்திட்டா என்ன? – மாணவி, கோயம்புத்தூர்

சரியா யோசிக்கறீங்க, இதையேதான் டோரிஸ் டெய்லர்ங்கற அமெரிக்க விஞ்ஞானி யோசிச்சார். 2008ல மின்னசோட்டாவுல அவரும் ஹரால்ட் ஓட்டும் எலியோட இதயத்தை எடுத்து அதோட ரத்தக்குழாய் வழியாவே சோப்புக் கரைசல் விட்டாங்க, ஷாம்புல போடற சோடியம் லாரில் சல்ஃபேட்தான். சிவப்பா இருந்த இதயம் கொஞ்சம் கொஞ்சமா வெளுத்து, கடைசியில கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியற ஒரு கூடு மிஞ்சும், அறைகள் இருக்கும், வால்வு இருக்கும், குழாய்த் தடம் எல்லாம் இருக்கும், ஒரு செல் கூட இருக்காது. அதுக்குள்ள, புதுசா பிறந்த எலிக்குட்டியோட இதய செல்லை ஏத்தினாங்க, நாலாம் நாள் துடிச்சது, எட்டாம் நாள் பம்ப் பண்ணுச்சு. எவ்வளவு? வளர்ந்த எலி இதயத்துல சுமார் 2 சதவீதம். ஓட்டே 2013ல எலி கிட்னியை இப்படிப் பண்ணி எலிக்குள்ள வச்சுக் காட்டினார், மூத்திரம் வந்துச்சு, ஆனா ரொம்ப நீர்த்துப்போய், கொஞ்சமா.

எங்க இடிக்குதுன்னா, குழாயோட தடம் இருந்தா போதாது, அதோட உள்சுவர் முழுக்க எண்டோதீலியல் செல், அதாவது ரத்தக்குழாயோட உள்பூச்சு செல், ஒரு இடைவெளி இல்லாம படியணும். ஒரு இடம் வெறுமையா இருந்தாலும் ரத்தம் அங்க பட்டதும் உறைஞ்சிடும், அந்தப் பக்கம் மொத்தமும் அடைபட்டுப் போயிடும். மனுஷ சைஸுக்குப் போறப்ப தேவைப்படற செல்லோ பல நூறு கோடி. ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடறீங்கன்னா இந்த உள்சுவர் விஷயத்தையே எடுங்க, உறுப்பு பெருசா இருக்கணும்னு அவசியமே இல்ல.

ஸ்வீடன்ல மூச்சுக்குழாய் செஞ்சு வச்ச டாக்டரை ஜெயில்ல போட்டாங்கன்னு படிச்சேன், நிஜமா? – வாசகர், யாழ்ப்பாணம்

நிஜம். பாவ்லோ மாக்கியாரினி. கரோலின்ஸ்கா ஹாஸ்பிடல்ல 2011ல பிளாஸ்டிக் மூச்சுக்குழாயை நோயாளியோட எலும்பு மஜ்ஜை செல்லுல ஊறவச்சுப் பொருத்தினார், அது உயிருள்ள குழாயா மாறிடும்னு சொன்னார். மாறல. மூச்சுக்குழாய் வெளிக்காத்துக்குத் திறந்திருக்கற இடம், ஒவ்வொரு மூச்சுலயும் கிருமி வரும், அதுக்கு ரத்த ஓட்டம் இல்லாத பிளாஸ்டிக் எப்படித் தாங்கும்? மிருகங்கள்ல முறையா சோதிக்காமலே மனுஷனுக்கு வச்சார். அந்த ஹாஸ்பிடல்ல வச்ச மூணு பேருமே இறந்துட்டாங்க. கூட வேலை பாத்த டாக்டர்கள் 2014லயே கேஸ் ஷீட்டை எடுத்துவச்சு, பேப்பர்ல எழுதினது வேற நடந்தது வேறன்னு புகார் கொடுத்தாங்க, நிர்வாகம் அவங்களையே முதல்ல மிரட்டுச்சு. 2023ல மேல்முறையீட்டு கோர்ட் ரெண்டரை வருஷ தண்டனை கொடுத்தது, அதே வருஷம் லான்செட் அவரோட ரெண்டு பேப்பரை வாபஸ் வாங்குச்சு. அந்த நோயாளிகளை நினைச்சா இன்னும் எனக்கு ஆத்திரமா வருது. அவங்க நம்பினது ஒரு டாக்டரை மட்டும் இல்ல, அந்த ஹாஸ்பிடல் பேரையும்தான்.

ரத்தத்துல கிரியாட்டினின் (கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவு) 6. ஸ்டெம் செல் ஊசி போட்டா கிட்னி திரும்ப வளரும்னு ஒரு க்ளினிக்ல மூணு லட்சம் கேக்கறாங்க. நிலத்தை அடமானம் வைக்கலாமான்னு பாக்கறோம். – வாசகர், தர்மபுரி

வைக்காதீங்க ஐயா. தயவுசெஞ்சு வைக்காதீங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட (ஐ.சி.எம்.ஆர்.) 2017 விதிப்படி எலும்பு மஜ்ஜை மாத்தற மாதிரியான ரத்த நோய் சிகிச்சைகளைத் தவிர, மத்த ஸ்டெம் செல் சிகிச்சை எல்லாம் அனுமதி வாங்கின ட்ரயல்லதான் நடக்கணும், ட்ரயல்ல நோயாளிகிட்ட அதுக்குக் காசு கேக்கக் கூடாது. காசு கேட்டாலே அங்க இருந்து எந்திரிச்சு வந்துடுங்க. இது வெறும் பண விஷயமும் இல்ல. தாய்லாந்துல லூபஸ்னால, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கற நோயால, கிட்னி கெட்டுப்போன ஒரு பெண்ணுக்கு நேரா கிட்னியிலயே ஸ்டெம் செல் குத்தினாங்க, குத்தின இடத்துல எல்லாம் கட்டி வளர்ந்துச்சு, ஒரு கிட்னியை எடுக்க வேண்டியதாச்சு, பிறகு அவங்க இறந்துட்டாங்க. 2010ல மெடிக்கல் ஜர்னல்ல வந்த கேஸ் இது. உங்க காப்பீட்டு அட்டையை எடுத்துக்கிட்டு அரசு மெடிக்கல் காலேஜ்ல நெஃப்ராலஜி ஓ.பி.க்குப் போங்க, முதலமைச்சர் காப்பீட்டுல டயாலிசிஸ் இருக்கு. ஃபிஸ்டுலா போடறது பத்தி இப்பவே கேளுங்க, அது பயன்படுத்தத் தயாராக சில வாரம் ஆகும்.

எலி முதுகுல மனுஷக் காது முளைச்ச போட்டோ நிஜமா? – எட்டாம் வகுப்பு மாணவர், திருநெல்வேலி

போட்டோ நிஜம், காது மனுஷனோடது இல்ல தம்பி. கன்னுக்குட்டியோட குருத்தெலும்பு செல்லை காது ஷேப்ல இருந்த கரையற அச்சுல வளர்த்து எலித் தோலுக்கு அடியில வச்சாங்க. 1997ல வெளிவந்தது. அந்தக் காதுக்குக் கேக்காது.

டயாலிசிஸ் டெக்னீஷியனா இருக்கேன். இந்த மெஷினையே சின்னதாக்கி உள்ள வச்சுட முடியாதா? – வாசகி, வேலூர்

முடியலாம், அதை நம்பறவங்கள்ல நானும் ஒருத்தர். 1943ல நெதர்லாந்துல வில்லெம் கோல்ஃப் முதல் மெஷினைச் செஞ்சப்ப சாசேஜ் சுத்தற செலோஃபேன் குழாயை மர உருளையில சுத்தி வச்சார், ஆரம்பத்துல வந்த நோயாளிங்க கிட்டத்தட்ட எல்லாரும் இறந்துட்டாங்க, 1945லதான் 67 வயசு அம்மா ஒருத்தர் பிழைச்சாங்க. இப்ப சான் ஃபிரான்சிஸ்கோவுல ஷுவோ ராய், வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டியில வில்லியம் ஃபிசல், இவங்க ரெண்டு பேர் குழு காபி கப் சைஸ்ல ஒண்ணு செஞ்சுக்கிட்டிருக்காங்க. ஒரு பாகம் சிலிக்கான் ஃபில்டர், சிப் தயாரிக்கற டெக்னிக்ல நுண்ணிய ஓட்டை போட்டது, பம்ப் வேண்டாம், நோயாளியோட ரத்த அழுத்தமே தள்ளிவிடும். இன்னொரு பாகத்துல நிஜ கிட்னி செல், உப்பையும் தண்ணியையும் திரும்ப உறிஞ்சறதுக்கு. அந்த செல் சவ்வுக்குப் பின்னாடி இருக்கறதால உடம்போட எதிர்ப்பு செல் தொட முடியாது, எதிர்ப்பை அடக்கற மாத்திரை இல்லாமலே ஓட்டணும்ங்கறதுதான் திட்டம். முழுக் கிட்னியைக் கட்டாம, அது செய்யற வேலையை மட்டும் ரெண்டா பிரிச்சு எடுத்துக்கிட்டாங்க பாருங்க, அதனாலதான் எனக்கு இதுல நம்பிக்கை. செல் இருக்கற பாகத்தைப் பன்னிக்குள்ள வச்சு ஏழு நாள் நல்லா வேலை செஞ்சதை 2023ல வெளியிட்டாங்க. ரெண்டு பாகத்தையும் சேர்த்து, மாசக்கணக்குல ரத்தம் உறையாம ஓடுதான்னு பாத்த பிறகுதான் மனுஷன்.