அணை கட்டும் இடத்தில் துளை போட்டுப் பார்த்தால் போதாதா? நிலவியல் வரைபடம் எதற்கு?

போதாது. இரண்டு துளைகளுக்கு நடுவே ஒரு பிளவுப்பெயர்ச்சி, அதாவது இருபக்கப் பாறையும் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பிளவு, ஓடினால், துளையில் அது அகப்படாமலே போகலாம். 1959-ல் பிரான்சின் மல்பாசே அணை உடைந்து 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கான்கிரீட்டில் கோளாறு இல்லை, இடது கரைப் பாறைதான் நகர்ந்துவிட்டது.

அதனால் முதலில் வான்வழிப் படங்களில் பழைய நிலச்சரிவுகளையும், சந்தேகப்படும்படி நேர்கோட்டில் ஓடும் ஓடைகளையும் குறித்துக்கொள்வார்கள். அப்புறம் நடைதான். வெளியே தெரியும் பாறைகளில் சாய்வு அளக்கும் கிளினோமீட்டர் வைத்து, அடுக்கு எந்தப் பக்கம் எத்தனை டிகிரி சாய்கிறது, விரிசல்கள் எவ்வளவு நெருக்கம், உள்ளே களிமண் இருக்கிறதா என்று வரைபடத்தில் பதிவுசெய்வார்கள். அடுக்கு ஆறு வரும் பக்கம் சாய்ந்தால் நிம்மதி. ஆறு போகும் பக்கம் மெல்லச் சாய்ந்து, இடையில் களிமண் படலமும் இருந்தால் அணை வழுக்க அதுவே பாதை.

துளை எங்கே, எந்தக் கோணத்தில் என்பதை இந்த வரைபடம்தான் சொல்லும். செங்குத்தான விரிசலைப் பிடிக்கச் சாய்துளைதான் சரி. 150 செ.மீ. துளைத்து வெளியே எடுத்த பாறைத் தண்டில் 10 செ.மீ.க்குக் குறையாத துண்டுகள் மொத்தம் 90 செ.மீ. தேறினால் ஆர்.க்யூ.டி. எனும் பாறைத் தர அளவு 60%, சுமாரான பாறை. என்னைக் கேட்டால், மேலே வராமல் போன பகுதியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நொறுங்கிய பாறையும் களிமண்ணும் துளைநீரோடு அடித்துக்கொண்டு போயிருக்கலாம்.

அதே துளையில், பாறை எவ்வளவு நீரை உள்ளே விடுகிறது என்று பார்க்கும் லூஜியான் சோதனையும் செய்வார்கள். 10 பார் அழுத்தத்தில், ஒரு மீட்டர் நீளத்தில், நிமிடத்துக்கு 1 லிட்டர் நீர் உள்ளே போனால் அது 1 லூஜியான். விரிசல்களை அடைக்க எவ்வளவு ஆழத்துக்குச் சிமெண்ட் கலவை செலுத்த வேண்டும் என்பது பெரும்பாலும் இதை வைத்தே முடிவாகும். இரு கரைகளிலும் சிறு சுரங்கம் குடைந்து நேரில் பார்ப்பதும் உண்டு, செலவுதான் அதிகம்.